ஆரத்தி இல்லாத டேக்

எங்கள் தெருவிலேயே பழைய வீடு எங்களுடையதுதான். அதனால்தான் சினிமாக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். போருக்குப் போன பட்டாளத்துக்காரன் ஊர் திரும்புகிறான். வீட்டில் ஒருவரும் உயிரோடு இல்லை. படியேறி வந்து வெறும் கூடத்தில் நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி. இதற்குப் போய் நான் சிப்காட் கம்பெனியில் லீவு போட்டேன், எல்லாம் என் தலையெழுத்து.

டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். ஹீரோ படியில் கால் வைத்தார். உள்ளேயிருந்து என் மாமியார் மணியம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்.

"கட்! யாரும்மா நீங்க?"

"இந்த ஊட்டுக்காரி. சண்டைக்குப் போய்ட்டு வந்த புள்ள, அப்புடியே உள்ள வரலாமா?"

மூன்று சுற்று சுற்றி, நடிகருக்குப் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றினார். மண் சிவந்துவிட்டது. அதை மூட ஒரு கூடை மணல் கொண்டுவந்தார்கள். அடுத்த டேக்கிலும் தட்டோடு வந்தார். அதற்கடுத்ததிலும்.

"கதையில அவங்க அம்மா செத்துட்டாங்கம்மா!" டைரக்டர் கெஞ்சினார்.

"அதான் நான் எடுக்கறேன்."

எனக்கு மானம் போனது. சமையற்கட்டுக்கு இழுத்துப்போய், "இன்னா அத்தே, இப்டி பேஜாரு பண்றீங்க? அது வெறும் வேஷம்" என்று எரிந்து விழுந்தேன்.

"பட்டாளத்துச் சட்டை நெசம் மாரியே கீதுடி. அது இந்தப் படியை வெறுமனே தாண்டுச்சுன்னா, ஆதி..." மறுபடியும் மஞ்சளைக் கரைக்கப் போனார்.

ஆதிநாராயணன் அவர் மகன், என் புருஷன். பட்டாளத்துக்காரர், எல்லையில் இருந்தார். சண்டை நின்றுவிட்டதென்று டிவியில் சொன்ன பிறகும் அவரிடமிருந்து போன் வரவில்லை. எனக்கும் பயம்தான். அதைக் கோபமாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், ஹீரோ படியேறாமல் தெருவிலிருந்தே வீட்டைப் பார்ப்பதாக மாற்றினார் டைரக்டர். இதுதான் நன்றாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் ஷிப்டு முடிந்து வந்து, நைட்டிக்கு மாறி, காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் தோள்பையோடு என் புருஷன் நின்றார். கறுத்து, இளைத்து.

"போன் ஒடைஞ்சு போச்சு நர்மதா" என்று சிரித்தபடி படிமேல் காலைத் தூக்கினார்.

"கட்!" என்று கத்தினேன். "அங்கியே நில்லு!"

"இன்னாமே, சொந்த ஊட்டுக்கு வர்றதுக்கு..."

"வாயை மூடினு நில்லுய்யா!"

மஞ்சள் கிடைத்தது, சுண்ணாம்பு கிடைக்கவில்லை. டப்பா டப்பாவாகக் கவிழ்த்ததில் கடைசியில் அதுவும் அகப்பட்டது. அழுகை வேறு வந்து தொலைத்தது. கரைத்ததில் பாதி நைட்டியில். மூன்று சுற்று சுற்றி, மீதியைத் தெருவில் ஊற்றினேன்.

தெருமுனையில் அத்தை வந்துகொண்டிருந்தார். வாசல் மண் சிவந்திருப்பதைப் பார்த்தார். அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.