வாத்தியார் போட்ட தேதி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் சுரண்டையில் பஸ் ஏறினேன், குற்றாலத்தில் ஒரு பாரை இழுத்து மூட வைப்பதற்காக. கைப்பையில், பிளாஸ்டிக் கவருக்குள், என் மகன் அருண்பாண்டியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஏப்ரல் பதினெட்டு. அந்த பாரில் குடித்துவிட்டு வெளியே வந்து பைக்கை எடுத்தவன், தென்காசி ரோட்டில் நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதியது இந்த ஜூலை ஒன்பது. இருபது வயதும் மூன்று மாதமும்கூட நிறையாத பிள்ளை. இருபத்தொன்று முடியாதவனுக்கு ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. "ஏஜ் புரூஃப் மட்டும் பக்காவா இருந்தா அவனுவ லைசென்ஸைத் தொலைச்சிரலாம்மா" என்று வக்கீலும் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் பிச்சையா கூட வரவில்லை. "நீ போயிட்டு வா செல்வி. எனக்குக் கால் ஓடலை" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நியாயம் கேட்க வராத மனுஷன் என்ன மனுஷன்? தெருவே கேட்கும்படி ஏசிவிட்டுத்தான் கிளம்பினேன். மாரிச்செல்விக்கு வாய் நீளம் என்பது சுரண்டைக்கே தெரியும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள் நான். துணியில் கையை வைத்துவிட்டேன் என்று எவளாவது சொன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கே போய்விடுவேன். பிள்ளைக்காகப் போகமாட்டேனா?

தென்காசியில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். சீசன் கூட்டம். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக ஆண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. எல்லோரும் முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அத்தனை பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. பையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டேன்.

பார் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் போர்டு: இருபத்தோரு வயது நிறைவடையாதவர்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு நீல யூனிஃபார்மில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். சட்டையில் சிவனணைந்தபெருமாள் என்று பேட்ஜ் குத்தியிருந்தது.

"ஏவே, இந்த போர்டை எதுக்கு மாட்டி வச்சிருக்கிய? அழகுக்கா?" என்று ஆரம்பித்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. பச்சைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தவன் கை விளங்குமா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் மூச்சு வாங்கினபோது அந்த ஆள் எழுந்து ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"இங்கன உக்காருங்க. அருண்பாண்டிக்கு அம்மாவா? செல்போன் கடையில வேலை பாத்த பையன். சுண்டுவிரல் நகம் கோணலா இருக்கும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையின் நகத்தை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

"இந்த சீசன்ல மூணு தடவை வந்தான்மா. ரெண்டு தடவை நான்தான் உள்ள விடலை. மொதத் தடவை கூட வந்தவனுவ எல்லாம் உள்ள போயிட்டானுவ. இவன் மட்டும் அந்தா, அந்தக் கட்டைச் சுவர்ல உக்காந்து எல்லாருக்க ஈரத் துண்டையும் மடியில வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் இருந்தான். பாக்கப் பாவமா இருந்துச்சு, டீ வாங்கிக் குடுத்தேன். ரெண்டாவது தடவை கார்டைப் பாத்துட்டு, இன்னும் ஆறு நாள் இருக்குலேன்னேன். ஆறு நாள்ல நான் என்ன கிழவனாவா ஆயிருவேன் அண்ணாச்சின்னான். ஆறு நாளும் நாள்தான், போன்னு சொன்னேன். மல்லுக்கட்டாமப் போயிட்டான்."

"பெறகு எப்படி விட்டிய?"

"ஒன்பதாம் தேதி வந்தான். கார்டுப்படி இருபத்தொண்ணு முடிஞ்சு நாலு நாள். அதுக்கு மேல நான் என்ன சொல்லித் தடுக்க? ஆனா சின்னப்பிள்ளை மூஞ்சி பாருங்க, நாளைக்கு எவனும் கேட்டா காட்டணும்னு போட்டோ எடுத்து வச்சேன்."

செல்போனை என் கையில் கொடுத்தார். என் மகனின் ஆதார் கார்டு. அதைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள், கோணல் நகம். பிறந்த தேதி: இரண்டாயிரத்து நான்கு, ஜூலை ஐந்து.

"இது தப்பு. இன்னா, ஆஸ்பத்திரியில பதிஞ்ச சர்டிபிகேட்" என்று கவரைப் பிரித்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சான்றிதழில் விழுந்திருந்த ஒரு துளி தண்ணீரைச் சட்டை நுனியால் ஒற்றி எடுத்தார்.

"வாத்தியார் போட்ட தேதியாம்மா?" என்று கேட்டார். "எனக்கும் அப்படித்தான். மில்லுல ரெண்டு வருஷம் முந்தியே ரிட்டயர் பண்ணிட்டானுவ. அதான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

வாத்தியார் போட்டதில்லை. நான் போட வைத்தது. அப்போதுதான் மிஷின் வாங்கியிருந்தேன். அருணுக்கு நாலு வயது. ஒருநாள் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது கையை உள்ளே விட்டுவிட்டான். ஊசி சுண்டுவிரல் நகத்தில் இறங்கிவிட்டது. அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஓரகத்தி சங்கரம்மாள் வேறு அந்த ஜூனில் அவள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். என் பிள்ளை மட்டும் ஒரு வருஷம் பின்தங்குவதா? கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பெரிய வாத்தியார், "பர்த் சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார். "இன்னும் வாங்கலை ஸார்" என்றேன். அது வீட்டுப் பெட்டியில் இருந்தது. இன்றைக்கு நான் கவரில் போட்டுக்கொண்டு வந்தேனே, இதே காகிதம்தான்.

ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை, ஒரு விரற்கடை குறைந்தது. வாத்தியார் பேனாவுக்கு மை தேடிக் குனிந்த நேரத்தில் பிள்ளையின் தலையைப் பிடித்து லேசாகச் சாய்த்துவிட்டேன். தொட்டுவிட்டான். தொட்டுவிட்ட சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்துக்கொண்டே, ஐந்து வயதுக்குக் கணக்குப் போட்டு, இரண்டாயிரத்து நான்கு ஜூலை ஐந்து என்று எழுதினார். பிறகு ஆதாரிலும் அதுவே ஏறியது. அதற்கப்புறம் அந்தத் தேதியை நான் நினைக்கவே இல்லை. சித்திரையில்தான் அவனுக்குப் பாயசம் வைப்பேன். அந்தத் தேதி மட்டும் இல்லையென்றால் இந்தப் பெருமாள் அண்ணாச்சி இன்னும் எட்டு ஒன்பது மாதம் என் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஒன்பதாம் தேதியும் அவன் ஈரத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருப்பான்.

"உள்ள போவும்போது ஏதும் சொன்னானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கம்மாவுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்னான். எதுக்குலேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

திரும்பி வந்த வழி எதுவும் நினைவில்லை. சான்றிதழைக் கவருக்குள் வைத்தேனா, வெறும் கையில் பிடித்துக்கொண்டு வந்தேனா, அதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு ஓரம் நனைந்து மை கலங்கியிருந்தது.

வீட்டுக்காரர் அதே சுவருக்கு எதிரில், காலையில் விட்டுவிட்டுப் போன மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

"வக்கீல் ரெண்டு தடவை போன் போட்டுட்டாரு" என்றார்.

"கேஸ் வேண்டாம். அந்த மனுஷன் சரியாத்தான் பாத்திருக்காரு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்காரு." பையைக் கீழே வைத்தேன். "அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல, அவன் தலையை நான்..."

"தெரியும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னேன்லா. நீ தலையைச் சாய்ச்சதைப் பாத்தேன். கெட்டிக்காரிதான்னு நினைச்சு நானும் சிரிச்சேன். வக்கீல் ஏஜ் புரூஃப்னு கேட்டாரே, அன்னைக்கே எனக்கு அந்த ஞாபகம் வந்துட்டு."

"பெறகு எதுக்கு என்னைப் போக விட்டிய?"

"இத்தனை நாளும் நீ யாரையாச்சும் ஏசிக்கிட்டே இருந்த. போலீஸ்காரனை, பார்க்காரனை, என்னைய. ஏசுத வரைக்கும் நீ இருப்பன்னு நினைச்சேன் செல்வி. இது தெரிஞ்சு நீ ஏசுததை நிறுத்தினா, உன்னையும் பறிகுடுத்திருவேனோன்னு பயம்."

ஏசுவதற்கு ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை. அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டி என் தலையைப் பிடித்து, மெல்லத் தன் தோள் பக்கமாகச் சாய்த்தார். என் பிள்ளை போன பிறகு அப்போதுதான், யாரையும் திட்டாமல், வெறுமனே அழுதேன்.