ஓரம் வெட்டிய புத்தகம்

என் வீட்டுக்காரர் எண்ணங்களுக்கு வம்சாவளி தேடுகிறவர். தத்துவப் பேராசிரியர். ஒரு கருத்தை முதலில் சொன்னது யார், அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிப்பார். தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்பதை மட்டும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினோரு வருடமாக அவர் எழுதிய புத்தகத்துக்கு உயிர்நாடி ஒரே ஒரு வரி. நூலகத்தில், இருநூறு வருடப் பழைய தர்க்க நூல் ஒன்றின் ஓரத்தில், யாரோ மையால் எழுதியது: ‘கேள்வி கேட்கிறவர் பாதி நம்பிவிட்டார்.’ பெரிய தத்துவவாதிகள் பிற்பாடு சொன்னதைப் பெயர் தெரியாத ஒரு வாசகர் முன்பே சொல்லிவிட்டார் என்பது இவருடைய வாதம். சுற்றிலும் அந்தக் காலத்துக் குறிப்புகள் நிறைய இருந்ததால் இதையும் அவற்றோடு சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க நாங்கள் இருவரும் போனோம். அந்தப் பழைய நூலின் தையல் விட்டிருந்ததால் நூலகர் எங்களைப் பின்னறையில் இருந்த பைண்டிங்காரரிடம் அனுப்பினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

“சார், பழைய குறிப்பெல்லாம் பாருங்க, கடைசி எழுத்து பாதிதான் இருக்கு. நான் பைண்ட் பண்றப்போ ஓரத்தை வெட்டுனேன், அதோட போயிருச்சு. இந்த ஒண்ணு மட்டும் ஓரம் வரைக்கும் வந்து, இடம் பத்தாம கீழ இறங்குது. வெட்டுனதுக்கு அப்புறம்தான் எழுதியிருக்காங்க.”

“எப்ப வெட்டுனீங்க?” இவர் குரல் இறங்கிவிட்டது.

“வேலைக்குச் சேர்ந்த புதுசு. முப்பது வருஷம் இருக்கும்.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்த மனிதர் எழுத்தைப் பார்த்தாரே தவிர காகிதத்தைப் பார்க்கவில்லை. வீடு திரும்பும் வழியில் வெட்கமில்லாமல் நானே சொன்னேன்.

“யாரும் கவனிக்கப் போறதில்லைங்க. விட்டுடுங்களேன்.”

“மத்தவங்க எங்க தப்பு பண்ணாங்கன்னு முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். என் தப்பை மட்டும் விட்டுடவா?”

அந்த வரியைப் பற்றிய அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். புத்தகம் இளைத்துப்போய் அச்சுக்குப் போனது. இரண்டு நாள் கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பல் துலக்கும்போதே ஓடிவந்தார்.

“ஏம்மா, முப்பது வருஷம்னா எழுதினவங்க உயிரோட இருக்கலாமே.”

அந்த வரியையும் எங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி நூலகப் பலகையில் ஒட்டினார். ஒரு மாதம் கழித்து, அதைப் பார்த்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் போன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“நூலகப் புத்தகத்துல கிறுக்கினது தப்புதான் சார். கேள்வியைப் பத்தின பக்கம், கை சும்மா இருக்கல.”

“அதை விடுங்கம்மா. அந்தக் கருத்தை எங்க படிச்சீங்க?”

“எங்கயும் படிக்கல. வார்டுல சிலபேர் ஒண்ணுமே கேட்க மாட்டாங்க. என்ன சொன்னாலும் நம்புறதில்லைன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. ‘பிழைச்சுடுவேனா சிஸ்டர்’னு ஒருத்தர் கேட்டுட்டா, எனக்குத் தெம்பு வந்துரும். பாதி நம்பிட்டாரு, மீதி நம்ம வேலைன்னு.”

இவர் பேனாவைத் திறக்கவே இல்லை. அந்த அம்மா போன பிறகும் வாசலிலேயே நின்றார்.

“இத்தனை வருஷமா செத்தவங்களையே கேட்டுட்டிருந்தேன்” என்றார். “இன்னைக்குத்தான் ஒருத்தங்க பதில் சொல்லியிருக்காங்க.”