அபியின் உள்ளங்கையில் நகரும் நுனி

17.3.2006, வெள்ளி

நேற்று மாலை வகுப்பில் ஆசிரியர் கேட்டதற்குத் தவறாகச் சொல்லிவிட்டேன். "நரம்பு செல் பிரியாது. அதனால் அறுந்த நரம்பு வளராது" என்றேன். முதல் வாக்கியம் புத்தகத்தில் இருப்பது. இரண்டாவது நானாகச் சேர்த்தது. பக்கத்தில் இருந்த என் தோழி அபி வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதம் சோதனைக் குழாய் உடைந்து அவள் மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்த பிறகும் விரல் நுனியில் உணர்வில்லை. எங்கள் லேப் டெக்னீஷியன் படிப்பில் இரத்தம் எடுக்கும் தேர்வு உண்டு. ஊசிக்கு முன்னால் விரல்தான் இரத்தக்குழாயைத் தேட வேண்டும்.

சந்தேகம் அரித்ததால் இன்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். நரம்பு செல் பிரிவதை நிறுத்திய பிறகும், செல் பிரிவை நடத்தும் சில புரதங்கள் அதற்குள் வேறு வேலை பார்க்கின்றன. அதில் ஒன்று நரம்பிழை கண்டபடி நீளாமல் பிடித்து வைக்கிறது. எலியின் நரம்பு செல்லில் அதைக் குறைத்ததும் இழை இன்னும் நீண்டதாம். கையில் நரம்பு அறுந்தால், இழையைச் சுற்றியுள்ள துணைச் செல்கள் பிரிந்து பெருகிப் புது இழைக்கு வழி அமைக்கின்றன. இத்தனை ஏற்பாடு உடம்புக்குள் இருக்க, ஒரே வரியில் 'வளராது' என்றேனே!

மாலையில் அபி பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

"நான் கிளாஸ விட்டுடப் போறேன் கோதா."

"நான் சொன்னது தப்புடி. மெதுவா வளரும்."

"நேத்து வளராது, இன்னிக்கு வளரும். நாளைக்கு இன்னா சொல்லுவ?" என்றவள் உள்ளங்கையை நீட்டினாள். "அப்ப இது இன்னா? தட்டினா ஷாக் அடிக்குது. பொங்கலப்போ மணிக்கட்டுல அடிச்சிது. இப்ப இங்க வந்துக்கினு இருக்குது. சீக்கு பரவுதுன்னு பயந்து யாராண்டயும் சொல்லல."

அந்தப் பயத்தோடுதான் இரண்டு மாதமாக இடது கையால் நோட்ஸ் எழுதியிருக்கிறாள்.

"விரல் பக்கமாதானே நகர்றது? அது சீக்கு இல்லடி. வளர்ற நரம்போட நுனி. தட்டினா அப்படித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் படிச்சேன்."

அவள் தட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தது, உடனே சிரித்தது. "இதுவும் தப்பா இருந்துதுன்னா, உன் கையிலதான் ஊசி குத்திக் கத்துக்குவேன்."

டாக்டர் சொல்வதைக் கேட்டபின் வகுப்பைப் பற்றி முடிவு செய்வதாகச் சொல்லி செவிலிமேடு பஸ்ஸில் ஏறினாள். நான் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

நாளை காலை அபியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் காட்ட, ஷாக் அடிக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து வரச் சொல்லியிருக்கிறேன். மாலையில் வகுப்பில் எழுந்து என் இரண்டாவது வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.