மாமியாரின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. கால்நடை மருத்துவர் எழுதச் சொன்னதால் உட்கார்ந்தேன்.

"தினமும் பாத்தத எழுதி வைங்க சார். புண்ணு எப்படி இருக்கு, என்ன சாப்பிட்டுச்சு, எடை எவ்வளவு. அடுத்த வாட்டி கொண்டு வாங்க."

வீட்டில் இருந்த ஒரே நோட்டு, கடையின் அளவு நோட்டு. இடப்பக்கங்கள் முழுக்க என் மனைவியின் கையெழுத்தில் யார் யாருடைய இடுப்போ, தோளோ, கை நீளமோ. வலப்பக்கங்கள் காலி. அவற்றில் எழுதினேன்.

முதல் நாள். புண்ணின் வாய் திறந்திருக்கிறது. சட்டைக் காஜா அளவு. புல் தின்றது. எடை 940 கிராம்.

இரண்டாம் நாள். காஜா அப்படியே. எடை 935.

மூன்றாம் நாள். குளிர்பெட்டியைத் திறந்ததும் கத்தியது. அவள் இருந்தால்

அங்கேயே பேனா நின்றுவிட்டது. கதை தொடங்கிய இடம் அதுதான். அந்த வரியை முடிக்கத்தான் இவ்வளவு பக்கங்கள்.

2

(இந்த இடத்தில் முதலில் "மழை பெய்துகொண்டிருந்தது" என்று எழுதியிருந்தேன். பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

மாமியார் என்பது எங்கள் கினிப்பன்றி. பழுப்பும் வெள்ளையுமாக, இரண்டு கையில் அடங்கும் உடம்பு. குளிர்பெட்டிக் கதவு திறக்கும் ஓசை கேட்டால் வீடு அதிரக் கத்தும். எதை வைத்தாலும் முதலில் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெயர் வைத்தவள் என் மனைவி. "மாமியாருக்கு வச்சீங்களா? இல்லேன்னா நமக்குச் சாப்பாடு எறங்காது" என்பாள்.

நாங்கள் இருவரும் பழைய துணிகளைத் திருத்தித் தைக்கும் கடை வைத்திருந்தோம். அவள் பாதி பிளேடால் பழைய தையலைப் பிரிப்பாள். நான் புதிதாகத் தைப்பேன். இருபத்திரண்டு வருடங்கள் நான் ஒரு தையலைப் பிரித்ததில்லை; அவள் ஒன்றைப் போட்டதில்லை. அவளுடைய முக்காலிக்குக் கீழே, வெட்டுத் துணிகளுக்கு நடுவே, மாமியாரின் கூண்டு. காலையில் சன்னல் வழியாக வெயில் விழும்போது நூல்தூசி மூவர் மீதும் ஒரே மாதிரி இறங்கும். தூசிக்கு இறங்கி முடிக்கும் அவசரமே இருக்காது. இப்போதும் அப்படித்தான் இறங்குகிறது, முக்காலியில் ஆள் இல்லாதது தெரியாமல்.

3

அவள் போய் ஏழாவது மாதம், கூண்டைத் துடைப்பதற்காக மாமியாரைத் தூக்கியபோது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ இடறியது. துணிக்குள் மறந்துபோன பொத்தான் மாதிரி.

மருத்துவமனை வரவேற்பில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். அரை மணி கழித்து, "மாமியார் உள்ள வரலாம்!" என்று குரல் வந்தது. பூனையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மருத்துவர் சிரித்து முடித்துவிட்டுத்தான் தொட்டார்.* தொட்டதும் சிரிப்பு நின்றது.

"எல்லாக் கட்டியும் ஒண்ணு இல்ல சார். சிலது வெறும் கொழுப்பு. சிலது பயப்பட வேண்டியது. ஊசி விட்டுப் பாத்தாத்தான் தெரியும்." பார்த்தார். "சீழ்தான். காய்ஞ்ச புல்லு வாய்க்குள்ள குத்தியிருக்கலாம். இதுங்க சீழ் தண்ணி மாதிரி வடியாது, பேஸ்ட் மாதிரி கெட்டி. நான்தான் கீறி எடுக்கணும். வீட்ல அமுக்கிப் பாத்தீங்களா?"

"இல்ல டாக்டரம்மா."

"நல்லது. நம்ம மாத்திரை எதையாவது பொடிச்சுக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"அதுவும் நல்லது. சிலது இதுங்க வயித்தையே கெடுத்துக் கொன்னுடும்."

கீறி, கழுவி, மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, தைக்காமல் என் கையில் கொடுத்தார். நான் அந்தத் திறந்த வாயையே பார்த்தேன்.

"தையல் போடலியா?"

"போடக்கூடாது. உள்ள இருந்துதான் ஆறணும். மேல மூடிக்கிட்டா உள்ள மறுபடி சேரும். ரெண்டு வேளை மேல கட்டுற பொருக்க மெதுவா எடுத்துட்டு, நான் தர்ற உப்புத் தண்ணிய ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்துக் கழுவணும். நான் சொல்ற வரைக்கும் மூட விடாதீங்க."

* மருத்துவரை இவ்வளவு சிரிக்கவிட்டது சரியா என்று சந்தேகம். ஆனால் சிரித்தார். அந்த ஏழு மாதத்தில் என் எதிரில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

4

என் தவறு இது.

ஐந்தாம் நாள் புண்ணின் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தேடி வந்து ஒட்டியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத இழை தைத்தது போல. நாற்பது வருடத் தையல்காரனின் கண் அதைப் பார்த்து மயங்கியது. பொருக்கை எடுக்கக் கை வரவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை எப்படிப் பிரிப்பது? நோட்டில் "ஆறிவிட்டது" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

என் மனைவி என் வேலையை ஒருநாளும் வெளிப்பக்கம் பார்த்துப் பாராட்டியதில்லை. உள்பக்கத்தைத் திருப்புவாள். "வெளியதான் கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு. உள்ள பாருங்க, நூலெல்லாம் தலைவிரிச்சு ஆடுது."

பன்னிரண்டாம் நாள் மாமியார் குளிர்பெட்டிக்குக் கத்தவில்லை. எடை 860. கட்டி முன்பைவிடப் பெரிது.

5

அன்று மதியம் இயந்திரத்தின் மேல் தலைசாய்த்தபடி ஒரு கனவு. மாமியாரின் ரோமத்தில் ஒரு தையல் ஓடுகிறது. நான் பிரிக்கிறேன். உள்ளே ரத்தம் இல்லை. வெள்ளை நூல், இழுக்க இழுக்க வருகிறது, அறை நிறைகிறது. நூலின் மறுமுனையை யாரோ பிடித்திருக்கிறார்கள். மெல்ல இழுத்தால் மெல்ல இழுக்கிறார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள்: என் மனைவிக்கும் ஒரு கட்டி இருந்தது, அதை அவள் மறைத்துவிட்டாள் என்று. இரண்டாவது பிரதியில் அப்படித்தான் எழுதினேன். கதை வடிவாக மூடிக்கொண்டது. படித்துவிட்டுக் கிழித்தேன். அவளுக்குக் கட்டி எதுவும் இல்லை. ஒரு காலை பதினொரு மணிக்கு, மடியில் யாருடையதோ பாவாடை, கையில் பாதி பிளேடு. இதயம் நின்றது. எல்லோரிடமும் நான் சொன்னது இவ்வளவுதான்.

6

மருத்துவர் மறுபடி கீறினார். இந்த முறை சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி தாங்குமான்னு தெரியல சார்" என்றார்.

அதனால் என் மனைவியின் தங்கையை வரச் சொன்னேன். அவள் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள், நான் கழுவுவேன். (முதல் பிரதியில் இவள் இல்லை. நோட்டைப் படித்துவிட்டு, "பூனைக்காரம்மாவுக்கெல்லாம் எடம் இருக்கு, கடி வாங்குற எனக்கு இல்லியா மாமா?" என்று கேட்டாள். ஆகவே சேர்த்தேன்.)

"எடுங்க மாமா. கண்ண மூடிக்கிட்டா எடுப்பீங்க? தொறங்க!"

"வலிக்குமே."

"வலிக்கும். எடுங்க."

பொருக்கின் ஓரத்தை நனைத்து, நகத்தால் தூக்கினேன். மாமியார் ஒரு கத்து கத்தி அவள் விரலைக் கடித்தது. "பேர் பொருத்தம்னா இதுதான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் முன், ஏழு மாதம் வராத ஒன்று என் வாயில் வந்தது.

"உங்கக்கா அன்னிக்குத் தண்ணி கேட்டா."

அவள் துண்டை இறுக்கினாள்.

"'கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னா. நான் ஒரு ஓரம் தச்சுக்கிட்டிருந்தேன். நாலு அங்குலம் பாக்கி. 'இத முடிச்சிட்டு வரேன்'னேன். முடிச்சுட்டு, நூல வெட்டிட்டு, எழுந்து திரும்பினா..."

குழாயில் தண்ணீர் சொட்டும் ஓசை. துண்டை என் பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவள் சொன்னாள்: "கழுவுங்க மாமா. தொறந்தது தொறந்தே இருக்கு."

அவள் மன்னித்தாளா என்று எழுத நினைத்தேன். எனக்குத் தெரியாது.

7

மறுபடி கீறி இன்று ஒன்பதாம் நாள். எடை 885. முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: மாமியார் பிழைக்கிறது. குளிர்பெட்டி திறக்கிறது, வீடு அதிர்கிறது.

இரண்டு: மாமியார் பிழைக்கவில்லை. கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். வெயிலில் தூசி இறங்குகிறது.

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஓரம் மடித்து அழகாக முடிந்தன. இரண்டையும் பிரித்துவிட்டேன். நோட்டு உங்கள் கையில். இடப்பக்கத்தில் அவள் எடுத்த அளவுகள் இருக்கின்றன. எது பொருந்துமோ அதைச் செய்துகொள்ளுங்கள். மூட மட்டும் அவசரப்பட வேண்டாம்.

எனக்குப் பாக்கி இருப்பது மூன்றாம் நாளின் அந்த வரி ஒன்றுதான். அதை எப்படி முடிப்பது என்று இப்போதுதான் பிடிபட்டது. அவள் இருந்தால்

"மாமா! பொருக்கு நனைஞ்சிடுச்சு. தண்ணி எங்க?"

தங்கை கூப்பிடுகிறாள். நாலே வார்த்தை பாக்கி, எழுதிவிட்டால் முடிந்துவிடும், ஆனால் நான்