ஆச்சரியக்குறி விளக்கு

நான்கு டயரையும் புதிதாக மாற்றியாயிற்று. ஆனாலும் காற்று சரியில்லை என்று எச்சரிக்கும் மஞ்சள் ஆச்சரியக்குறி காருக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "நானே ஓட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவளிடம் தங்கை சவடாலாகச் சொல்லியிருந்தாள். லைசென்ஸ் வாங்கியபின் தனியாகப் போகும் முதல் பயணம். தங்கையின் கணவரோ சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார்.

"விளக்கு எரியுதுல்ல? நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு."

"அக்கா பாத்தா சிரிச்சே தையலைப் பிரிச்சுக்குவா. கொஞ்சம் இருங்க."

டயர் கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"காத்தைச் சமமா வச்சு ரீசெட் பட்டனை அமுக்கிட்டுத்தான் அனுப்பினேன்மா. அப்புறம் யாராச்சும் காத்துல கை வச்சீங்களா?"

கணவருக்குத் திடீரென்று பூந்தொட்டி மேல் அக்கறை வந்துவிட்டது.

காற்றுமானியை எடுத்துக்கொண்டு அவள் காரைச் சுற்றி வந்தாள். மூன்று சக்கரத்திலும் ஒரே அளவு. ஓட்டுபவர் பக்கத்து முன்சக்கரத்தில் மட்டும் முள் எகிறியது.

"என்னங்க இது?"

"நீ உக்கார்ற பக்கமாச்சே... கொஞ்சம் திடமா இருக்கட்டும்னு தினம் காலையில கால்பம்புல ரெண்டு மிதி."

"தினமுமா? அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"ஐயையோ! அதுக்கில்லம்மா!"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒத்தைச் சக்கரத்துக்கு மட்டும் செல்லம் குடுத்தா வண்டி கோள் சொல்லாம என்ன செய்யும்?"

உஸ்ஸென்று கூடுதல் காற்றை இறக்கிச் சமன் செய்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை உருவி, காருக்குள் உட்கார்ந்து, விளக்கு கண்சிமிட்டும்வரை ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தாள். சக்கரங்களின் ஓட்டத்தை வண்டி புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். அழைக்காமலேயே அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தபடியே வந்தார். விளக்கு மட்டும் எரியவே இல்லை.

பெரிய சாலை தொடங்குமிடத்தில் அவள் ஓரங்கட்டினாள்.

"இறங்குங்க. இனி நான் பாத்துக்கறேன்."

"அந்தத் திருப்பம் வரைக்கும்..."

"இறங்குங்கன்னா."

அவர் இறங்கினார். அவள் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது. அவள் சாலையில் ஏறுவதற்காக அந்த லாரியின் முன்னால், இரண்டு கைகளையும் அகல விரித்துச் சாலையையே மறித்து நின்றுகொண்டிருந்தார் அவர்.

அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.