நண்டுப் பிரட்டலுக்கு உப்பு

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து காரில் ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"மலரு, எனக்கு முடியல. இனிமே இங்க வர வேணாமே."

காதில் விழாத மாதிரி ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்தான். நல்லவேளை, திட்டுவதற்கு ஒருவன் கிடைத்தான். கிள்ளானிலிருந்து காப்பாரில் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் அவனையே திட்டிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் வழக்கம்போல அவரை எழுப்பி, சட்டையை மாட்டிவிட்டு, அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மறுபேச்சு பேசாமல் வந்தார். சுகுமாறன் என்கிற அந்த மனிதருக்கு அடம்பிடிக்கவே தெரியாது. தெரிந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஏற்கெனவே பேசிவிட்டார். இருதயம் பலவீனம், மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை. மெஷினில் உட்கார்ந்தால் சில மாதம், நிறுத்தினால் சில வாரம். நிறுத்தினாலும் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள், முடிவு நோயாளியுடையது என்றார். இவர் என்னடாவென்றால் என்னைக் கேட்கிறார். நான் சரி என்றால்தான் நிறுத்துவாராம். இப்படி ஓர் அநியாயம் உண்டா? போகிற மனுஷன் போகலாமா என்று பெண்டாட்டியிடம் பெர்மிஷன் கேட்பானா? எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள.

ஃபேஸ்புக்கில் 'மலரக்கா அடுப்படி' என்று ஒரு பேஜ் இருக்கிறதே, அது நான்தான். நண்டுப் பிரட்டல், ஆட்டுக்கறி வறுவல், இறால் சம்பல் என்று வாரத்துக்கு ஒரு படம் போட்டுக் கீழே செய்முறை எழுதுவேன். பார்க்கிறவர்களுக்கு எச்சில் ஊறும். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் அந்த மாதிரி எதுவும் கொதித்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. கிழங்கை நறுக்கி ஊறப்போட்டு, அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் அவித்துக் கொட்டினால் சத்தும் ருசியும் இல்லாமல் ஏதோ ஒன்று மிஞ்சும். அதுதான் அவருக்குச் சாப்பாடு. உப்பு கிடையாது. குடிக்கிற தண்ணீரும் அளந்துதான். அவருக்குத் தனியாக, எனக்குத் தனியாக என்று சமைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் தின்றதையே நானும் தின்றேன். உப்பு ஜாடி மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

பேஜில் வருவதெல்லாம் பழைய இருப்பு. நல்ல காலத்தில் ஒரு சமையலைப் பல கோணத்தில் எடுத்து வைத்துக்கொள்வேன், சமையல் பேஜ் நடத்துகிற எல்லோரும் அப்படித்தான். அந்த இருப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏமாற்று என்றால் ஏமாற்றுதான், போங்கள். அந்தப் பேஜில் மட்டும் என் வீட்டுக்காரர் இன்னும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிள்ளானில் இருக்கும் மாதவியும் என்னை மாதிரி சமையல் பேஜ் நடத்துகிறவள்தான். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்கக்கா. ஷூட்டிங் கிடையாது, ரிவியூ கிடையாது. ஆளுக்கு ஒரு ஐட்டம் செஞ்சி எடுத்துட்டு வர்றோம், காலை நீட்டி உக்காந்து சாப்புடுறோம், அவ்ளோதான்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனதே இல்லை. போனால் வீட்டுக் கதை வெளியே வந்துவிடும். இந்த முறை அவரே கிளப்பினார்.

"போவோம் மலரு. நீ நாலு மனுஷங்கள பாத்து எத்தன நாளாச்சு? நானும் வரேன்."

"நீங்க அங்க வந்து என்ன பண்ணுவீங்க? வேடிக்க பாப்பீங்களா?"

"ஆமா. வேடிக்க பாக்க டாக்டரு வேணான்னு சொல்லலையே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறைக்குப் போய் நண்டு வாங்கி வந்தேன். அம்மியில் அரைத்த மாதிரி மசாலாவை மிக்சியிலேயே மையாக அரைத்து, கறிவேப்பிலை போட்டு, நண்டு சிவக்கச் சிவக்கப் பிரட்டினேன். கை மறக்கவில்லை என்று எனக்கே பெருமை. ஸ்டூல் போட்டு ஏறி உப்பு ஜாடியை எடுத்து, போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுள்ளென்று ஏறியது. சரியாக இருக்கிறது என்று இறக்கினேன். ஜாடியைப் பழக்கதோஷத்தில் மேலேயே ஏற்றி வைத்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

மாதவி வீட்டு கார் போர்ச்சில் மேசை போட்டிருந்தாள். எங்களைத் தவிர இரண்டே பேர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரஞ்சனி வந்திருந்தாள், செட்டி வீட்டுப் பலகாரங்களைப் பற்றி எழுதுகிற பெண். செந்தூலிலிருந்து விமலன். தெருவோரக் கடையாகத் தேடிப்போய்த் தின்று வீடியோ போடுகிறவன். அவன் என்னை அக்கா என்கிறான், என் வீட்டுக்காரரை அங்கிள் என்கிறான். அந்த உறவுமுறை எப்படி வருகிறதென்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

மாதவி எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். சாப்பாடு மேசைக்கு வந்ததும் ரஞ்சனி தன்னை அறியாமல் தட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். விமலன் மேலிருந்து படம் எடுக்கிறவன் மாதிரி எழுந்து நின்றுவிட்டு, அசடு வழிய உட்கார்ந்தான். சிரித்தோம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அதன் மேல் காலை நீட்டினேன். யாரும் மருந்து கேட்கவில்லை, யாருக்கும் பிரஷர் பார்க்க வேண்டியதில்லை. அப்படியே கல்லாகிப் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அவருக்கு வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுவந்திருந்தேன். "அவருக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல" என்று சொல்லி வைத்தேன். இடது கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பு தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அவித்த கிழங்கை மென்றுகொண்டு எல்லோரையும் சந்தோஷமாகப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க ரொம்ப லக்கி லா" என்றான் விமலன். "போன வாரம் அக்கா போட்ட ஆட்டுக்கறி வறுவல பாத்துட்டு எனக்குத் தூக்கமே வரல. எப்படி இருந்துச்சு?"

அந்தப் படம் மூன்று தீபாவளிக்கு முந்தியது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அத ஏன் கேக்குற தம்பி. எலும்போட ஒட்டியிருக்கும் பாரு ஒரு சவ்வு, அது வாயில வச்சதும் கரஞ்சி போச்சி. மெளகு கடசியிலதான் தெரிஞ்சிச்சி. சட்டிய சோறு போட்டுத் தொடச்சி சாப்புட்டேன். இவ திட்டுனா." எச்சிலை விழுங்கிக்கொண்டார். "வயசுக்கு ஏத்த மாதிரி தின்னுங்கன்னு திட்டுனா."

அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பொய்யை இந்த மனுஷன் இத்தனை நாளும் ஒவ்வொரு படமாகப் பார்த்து மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். எனக்காக.

பிறகு என் நண்டு சுற்றி வந்தது.

"பவர் லா அக்கா" என்றான் விமலன்.

"கலரே சொல்லுதுக்கா, சூப்பர்" என்றாள் ரஞ்சனி. ஒவ்வொரு வாய்க்கும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மாதவி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டாள். நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. நானும் சாப்பிட்டேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

திடீரென்று அவர் கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு நண்டுக் காலை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

"என்னங்க!" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகச் சப்பினார். முகத்தில் ஏதோ மாறியது. ஏமாந்துபோன முகம். நோய் வந்தபோதுகூட அவர் அப்படி முகத்தை வைத்துக்கொண்டதில்லை.

"மலரு, உப்பே இல்லையே."

விமலன்தான் முந்திக்கொண்டான்.

"இல்ல அங்கிள், ஓகே லா, நல்லாத்தான் இருக்கு..."

"சும்மா இரு தம்பி. உப்பு இல்ல."

எனக்கு வந்ததே கோபம். "ஏன், வாயில என்ன கொழக்கட்டையா? உப்பு இல்லன்னு ஒருத்தராவது சொல்லக்கூடாது? ஊர் ஒலகத்துக்கெல்லாம் ரிவியூ எழுதுறீங்க!"

ரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க பேஜ பாத்துதான்கா நான் கொழம்பு வைக்கவே கத்துக்கிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்களும் ருசிச்சி சாப்புடுறீங்க. என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

அவள் நாக்கில் ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் உப்பில்லாமல் தின்று தின்று என் நாக்குதான் செத்துப்போயிருந்தது. கொஞ்சூண்டு உப்பே எனக்குச் சுள்ளென்றிருக்கிறது. அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே, கோபத்தோடே எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய படங்கள், வாரத்தில் மூன்று நாள் மெஷின், டாக்டர் சொன்னது எல்லாம். வியாழக்கிழமை காரில் அவர் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அந்த நரம்பைப் பார்த்ததும் விமலன் தலையைக் குனிந்தான்.

அவன்தான் முதலில் பேசினான். "அக்கா, எனக்கு அல்சர். வீடியோவுக்கு ரெண்டு வாய் சாப்புட்டு, மிச்சத்த ஃபிரண்டுகிட்ட குடுத்துடுவேன். ராத்திரிக்கு வெறும் கஞ்சிதான்."

"எங்க வீட்ல ஒரு வருஷமா கேட்டரிங் சாப்பாடு" என்றாள் ரஞ்சனி. "பலகாரம் சுடுறது பேஜுக்கு மட்டும்தான்."

ஆறுதல் சொல்லத்தான் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அத்தனை பேருடைய அடுப்படியும் அப்படித்தான் கிடக்கிறதென்று தெரிந்தபோது, இனி யாருக்காகவும் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டாம் என்றிருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

மாதவி உள்ளே போய் உப்புப் போத்தலோடு வந்தாள். எதையாவது செய்தாக வேண்டுமே, பாவம். "உப்பு போட்டு ஒரு சூடு பண்ணிட்டா சரியாயிடும்க்கா. மொதல்ல அண்ணனுக்கு உப்பு போடாம தனியா கொஞ்சம் எடுத்து வச்சிரட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அதே பார்வை. வியாழக்கிழமை காரில் பார்த்தாரே, அது. கெஞ்சவில்லை. கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிற பார்வை. இப்போது ரிவர்ஸ் எடுக்க காரும் இல்லை, திட்டுவதற்கு மோட்டார் சைக்கிள்காரனும் இல்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள், எனக்காக இருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. எனக்காகத்தான் அவர் இத்தனை நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தனியா எடுக்க வேணாம்" என்றேன்.

"அக்கா, டாக்டர்..."

"தெரியும். எல்லாம் தெரியும். குடு அத."

சட்டியைத் தூக்கிக்கொண்டு மாதவியின் அடுப்படிக்குப் போனேன். அவரும் மெல்ல எழுந்து பின்னாலேயே வந்தார். தீயை மூட்டி ஒரு சிட்டிகை போட்டுப் பிரட்டினேன். என் நாக்கை நம்ப முடியாது. கரண்டி நுனியில் எடுத்து ஊதி அவர் உள்ளங்கையில் விட்டேன்.

"பத்தல" என்றார்.

இன்னொரு சிட்டிகை. பாதி அடுப்பில் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம்."

போட்டேன்.

"ம். இப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார். "இப்பதான்டி ஒன் நண்டு."

சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டார். ரொம்பவெல்லாம் இல்லை, வயிறு சுருங்கிப்போயிருந்தது. கூட்டில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் உறிஞ்சினார். யாரும் படம் எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனார். நானும் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். மாதவி எழுப்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மிச்ச நண்டை டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் அடுத்த டயாலிசிஸ் நாளான செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில், இனிமேல் மெஷினுக்கு வரவில்லை என்று நானே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றார்கள். சொல்லிவிட்டேனே தவிர, போனில் அலாரத்தை எடுக்கக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டு பிரிவதற்குள் அது வழக்கம்போல அடித்தது. அவர் விழித்துத்தான் இருந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி அணைத்தேன்.

"மலரு, அந்த நண்டு மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு."

"சோறு வடிச்சின்னா நல்லாருக்கும்."

"விடியறதுக்குள்ள சோறா? கொஞ்ச நேரம் படுங்க, வரேன்" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

அடுப்படிக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அரிசி களைகிற சாக்கில், அவர் காதில் விழாமல் அழுது முடித்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, உப்பு ஜாடியை இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.