நடு பேடு

நௌமானுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. பத்து மாதக் குழந்தை. அவன் தூங்காததால் அவன் அம்மா நிலோபரும் தூங்கவில்லை. ஓர் இரவு கெட்டால் மறுநாள் பகலில் கண்ணயரலாம். இது வாரக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. எந்தத் தூக்கத்தை எப்போது ஈடுகட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவன் உஸ்மான் விடிவதற்குள் முட்டை வண்டியை எடுத்துக்கொண்டு வல்லம், மேல்மலையனூர் பக்கம் போய்விடுவான். மாடி அறையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மவுஸை நகர்த்தி அவள் வேலை பார்ப்பாள்.

திண்டிவனம் சாலையில் காஸ்பர் நடத்தும் சின்ன விளக்குக் கம்பெனிக்கு சர்க்யூட் போர்டு வரைந்து கொடுப்பதுதான் அவள் வேலை. பெரிய பவர் எல்இடி போர்டில் எங்கே உட்காரும், அதன் அடியில் எவ்வளவு செம்பு இருக்க வேண்டும் என்று வரைகிற தடத்துக்கு ஃபுட்பிரிண்ட் என்று பெயர். விரல் நகத்தளவுகூட இருக்காது. அதில் ஒரு கோடு மயிரிழை தள்ளிப்போனாலும் எல்இடி சாய்ந்து உட்காரும். சாய்ந்து உட்கார்ந்தால் சூடு இறங்காது. சூடு இறங்காத எல்இடி கொஞ்ச நாளில் கறுத்துச் செத்துப்போகும்.

அன்று மத்தியானம் காஸ்பர் போன் செய்தார்.

"நிலோபர், கொஞ்சம் ஷெட்டுக்கு வர முடியுமாம்மா? போர்டு எரிய மாட்டேங்குது."

"எந்த போர்டு சார்?"

"மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போற ஃபோகஸ் லைட்டுதான். காண்ட்ராக்டர் தெனமும் கேக்குறாரு. நீ வந்து பாத்தாத்தான் தெரியும்."

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். கோட்டை மலைப் பாறைகளின் மேல் பட்ட வெயில் அப்படியே ஊருக்குள் அடித்தது. ஆட்டோ நகர நகர நௌமான் அழுதான். நின்றபோதும் அழுதான்.

ஷெட்டில் போர்டு பூட்டும் செல்வராணி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டாள். வரிசையாக நின்ற எல்இடிகளில் கடைசி ஒன்று மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"எல்லா போர்டும் இப்படித்தான் இருக்குதுக்கா. கடைசி ஒண்ணு எரியுது, மத்ததெல்லாம் செத்துக் கெடக்குது."

"எல்இடி கடைக்காரன் மட்டமான சரக்கை அனுப்பிட்டான் போல" என்றார் காஸ்பர்.

நிலோபர் பெட்டியிலிருந்து பூட்டாத எல்இடி ஒன்றை எடுத்துத் திருப்பி, அடியில் ஈயம் பற்றவைக்கும் உலோகப் பட்டைகளான பேடுகளைப் பார்த்தாள்.

"இது நம்ம எல்இடி இல்லையே சார்?"

"பழசு ஸ்டாக் இல்லைன்னுட்டான். இதுவும் அதே சைஸுதான். அடியில அதே மூணு பேடு. போர்டுல அப்படியே உக்காந்துச்சு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"கொழந்தை தூங்கலன்னு சொல்லிட்டிருந்தே. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்..."

அவள் குழந்தையைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு, காஸ்பரின் கம்ப்யூட்டரில் அந்தப் புது எல்இடியின் டேட்டாஷீட் என்கிற விவரத்தாளை இறக்கிப் பார்த்தாள். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் வேறு.

"இங்க பாருங்க சார். பழைய எல்இடியில நடு பேடு சூடு இறங்கறதுக்கு மட்டும்தான். எதோடயும் சேராது. அதனால எல்லா நடு பேடையும் ஒரே பெரிய செம்புல சேத்து வரைஞ்சிருந்தேன், சூடு பரவட்டும்னு. இதுல நடு பேடு உள்ளுக்குள்ளயே பிளஸ்ஸோட சேந்திருக்குது. நம்ம போர்டுல போட்டா எல்லாத்தோட பிளஸ்ஸும் ஒண்ணாயிடும். கரண்ட்டு எதுக்குள்ளயும் போகாம குறுக்கால ஓடிப் போய்க் கடைசி ஒண்ணுல மட்டும் எறங்குது."

காஸ்பர் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"புது போர்டு போட்டு வர்றதுக்குள்ள அமாவாசை முடிஞ்சிரும். இதையே ஏதாவது பண்ண முடியுமா?"

"வெட்டலாம். ஒவ்வொரு எல்இடிக்கும் நடுவுல செம்பைக் கீறி உரிச்சுப் பிரிச்சிட்டா எல்லாம் எரியும்."

"அப்புறம் இன்னா?"

"அப்புறம்தான் வெவகாரம். வெட்டிட்டா ஒவ்வொண்ணுக்கும் துண்டு செம்புதான் மிச்சம். முன்ன மாதிரி சூடு இறங்காது. கரண்ட்டைக் கொறைக்கணும். வெளிச்சம் கம்மியாயிடும்."

"கரண்ட்டு அப்படியே இருக்கட்டும்மா. அமாவாசை ஒரு ராத்திரி தாங்கினாப் போதும். அப்புறமா நல்ல போர்டு மாத்திக்கலாம்."

"தாங்கலன்னா? லட்சம் பேர் நிக்கிற எடம் சார். கொழந்தையைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. ஜனம் நெருக்கும்போது தலைக்கு மேல லைட்டு ஒண்ணொண்ணா அணைஞ்சா இன்னா ஆகும்?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தெம்பும் இல்லை. செல்வராணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டு வாசல்வரை போய் நின்றாள்.

"மங்கலாத்தான் எரியும்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுங்க. கூட நாலு டியூப்லைட் கட்டிக்கட்டும்."

"ஆர்டரே போயிடும்."

"போனாலும் போகலாம் சார்."

காஸ்பர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நிலோபருக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்றிருந்தது. பல நாளாக மனதில் கிடந்ததுதான். தூக்கமில்லாத அலுப்பில் அது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"எனக்குப் பதிலா ஆள் தேடுறீங்களா சார்?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"சென்னையில ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். உன் வேலை புடிக்கலன்னு இல்ல. போன்ல உன் கொரலைக் கேட்டாலே பயமா இருக்குது. பெத்துப் பொழைச்ச ஒடம்பு. ராத்திரி பகலா உன்னைப் புழிஞ்சு எடுக்குற மாதிரி இருந்துச்சு."

"அதுக்காக என்கிட்ட கேக்காம விட்டீங்களே, அதுலதான் இன்னைக்கு இத்தனையும். முன்னாடியே கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பேன், இது சேராதுன்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு முடியலன்னா நான் சொல்றேன் சார். நீங்களே முடிவு பண்ணாதீங்க."

காஸ்பர் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று காண்ட்ராக்டரிடம் பேசுவது உள்ளே கேட்டது. முதலில் அவர்தான் பேசினார். பிறகு நெடுநேரம் "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலோபர் ஒரு போர்டில் மார்க்கரால் வெட்ட வேண்டிய இடங்களைக் கோடிட்டாள். செம்புக்கு அடியில் கரண்ட்டைத் தடுக்கும் மெல்லிய தோல் மாதிரி ஓர் அடுக்கு; அதற்குக் கீழே அலுமினியம். பிளேடு ஆழமாக இறங்கினால் கரண்ட் விளக்கின் உடம்புக்கே வந்துவிடும். முதல் போர்டை அவளே கெடுத்தாள். தூக்கமில்லாமல் கண் மங்கி, கோடு இரண்டாகத் தெரிந்தது. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதைச் செல்வராணி கீறினாள். மீட்டரை வைத்துப் பார்த்தபோது, தொடர்பு இருந்தால் வரும் பீப் சத்தம் வரவில்லை. சரியாகப் பிரிந்திருந்தது.

"நீ புள்ளையைப் பாருக்கா. நான் இதைப் பாக்குறேன்" என்றாள் செல்வராணி.

காஸ்பர் உள்ளே வந்து சட்டைக்கையை மடித்துக்கொண்டு செல்வராணி பக்கத்தில் உட்கார்ந்தார். "திட்டினாரு. ஆனா எடுத்துக்கிறேன்னுட்டாரு" என்றார். அன்றும் மறுநாளும் அவர்கள் வெட்டினார்கள். வெட்டிய ஒவ்வொரு போர்டையும் நிலோபர் எரியவிட்டு, பின்பக்கம் கைவைத்துப் பார்த்து, பிறகு மீட்டரில் சூட்டைப் பார்த்து, கரண்ட்டைக் குறைத்து வைத்தாள். குழந்தை ஒரு முறை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தூங்கிப்போனான். அவள் தூங்கவில்லை.

அமாவாசை சாயங்காலம் உஸ்மான் மேல்மலையனூரிலிருந்து போன் செய்தான்.

"உன் லைட்டு எரியுது. கொஞ்சம் மங்கல்தான். டியூப்லைட்டும் கட்டியிருக்காங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

"எல்லாமே எரியுதா? நல்லாப் பாத்தீங்களா?"

"எல்லாமேதான். நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. உடம்பில் அதற்கு இடமில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் காஸ்பர் கூப்பிட்டார். புது எல்இடிக்கே சரியான ஃபுட்பிரிண்ட் வரைய வேண்டும் என்றார்; மங்கல் போர்டுகளை மாற்றிக் கொடுப்பதாகக் காண்ட்ராக்டரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"டேட்டாஷீட் அனுப்பியிருக்கேன். இன்னைக்கு முடியுமாம்மா?"

நௌமான் காய்ச்சலோடு அவள் தோளில் கிடந்தான். முடியும் என்றுதான் வழக்கமாகச் சொல்வாள்.

"இன்னைக்கு முடியாது சார். நாளைக்குப் பண்ணித் தரேன்."

"சரிம்மா. நாளைக்கே பண்ணு" என்றார் காஸ்பர்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு பாயில் சாய்ந்தாள்.